மார்புக் குறைப்பு அறுவை சிகிச்சை: ஆறு வாரம் தாண்டியும் இறங்காத வீக்கம் எது, என்ன செய்யலாம்?

#1 குறிப்பேடு

கைனகோமாஸ்டியா எனப்படும் ஆண் மார்பகப் பெருக்கத்துக்கு அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: "இத்தனை வாரம் ஆச்சு, வீக்கம் இறங்கவே இல்லை. சுரப்பி மறுபடி வளர்ந்துடுச்சா?"

இதற்கு "பொறுமையா இருங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவது பல சமயம் சரி, சில சமயம் பெரிய தவறு. நாம் வீக்கம் என்று சொல்வது ஒரே பொருள் இல்லை. திசுவில் ஊறி நிற்கும் நீர், தோலுக்கு அடியில் குளம் கட்டிய நீர், உறைந்த ரத்தம், கெட்டிப்பட்ட தழும்பு, விட்டுவைத்த சுரப்பி, எடுக்காமல் போன கொழுப்பு, எல்லாமே கண்ணாடியில் ஒரே மேடாகத்தான் தெரியும். ஒன்றுக்குச் சும்மா இருப்பதே வைத்தியம், இன்னொன்றுக்கு அன்றைக்கே மருத்துவமனை.

எனவே இந்த இழையில் எதை எப்படிப் பிரித்தறிவது, எது எப்போது சரியாகும், எது தானாகச் சரியாகாது என்பதை மட்டும் பேசுவோம். அனுபவக் கதைகளுக்கு வேறு இழை இருக்கிறது, இங்கே வேண்டாம்.

#2 அளவுநாடா

முதல்ல நாட்காட்டியைப் பார்ப்போம். பாதிக் குழப்பம் அதிலேயே தீரும்.

மேசையிலிருந்து இறங்கின அன்னைக்கு மார்பு தட்டையா இருக்கும். அடுத்த 48 முதல் 72 மணி நேரத்துல வீக்கம் உச்சத்துக்குப் போகும். "நேத்து நல்லா இருந்துச்சு, இன்னைக்கு ஊதிடுச்சு" என்கிற பயம் பெரும்பாலும் இந்தக் கட்டத்துலதான் வருது. கன்றிப்போன நீலம் மஞ்சளாகி மறைய ரெண்டு, மூணு வாரம். கண்ணுக்குத் தெரியும் வீக்கத்தில் பெரும்பகுதி ஆறு வாரத்துக்குள்ள இறங்கும். மிச்சம் மெதுவா, மூணு மாசம், ஆறு மாசம்னு இழுக்கும். தழும்பு முழுசா முதிர ஒரு வருஷம்கூட ஆகலாம். மறு அறுவை பத்தி ஆறு மாசத்துக்கு முன்னாடி பேசவே பெரும்பாலான மருத்துவர்கள் விரும்ப மாட்டாங்க. சிலர் ஒரு வருஷம் காத்திருக்கச் சொல்வாங்க.

மார்பு மட்டும் ஏன் இவ்வளவு இழுக்குது? மூணு காரணம். சுரப்பியை எடுத்த இடத்துல தோலுக்கும் தசைக்கும் நடுவுல ஒரு வெற்றிடம் உருவாகுது, உடம்பு அதை நீரால நிரப்பப் பார்க்கும். கொழுப்பு உறிஞ்சும் குழாய் போன வழியெல்லாம் நுண்ணிய நிணநீர்க் குழாய்கள் அறுபட்டிருக்கும், அதனால வடிகால் அடைச்ச தெரு மாதிரி தண்ணி தேங்கும். மூணாவது, கையை அசைக்கிற ஒவ்வொரு முறையும் மார்புத் தசை அடியில நகருது, ஒட்ட வேண்டிய ரெண்டு படலமும் உரசிக்கிட்டே இருக்கு.

கொழுப்பு அதிகம் எடுத்தவங்களுக்கும், தோலையும் வெட்டி எடுக்க வேண்டியிருந்தவங்களுக்கும் இந்தக் கணக்கு இன்னும் நீளும். சின்னச் சுரப்பி மட்டும் எடுத்தவரோட தேதியை வச்சு உங்க உடம்பை எடை போடாதீங்க.

#3 மெல்லினம்

அளவுநாடா சொன்னதோடு விரல் சோதனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கையைச் சுத்தமாகக் கழுவி, காயம் முழுவதும் மூடிய பிறகு மட்டும்.

ஒரு விரலால் பத்து விநாடி அழுத்தி எடுங்கள். குழி சிறிது நேரம் அப்படியே நின்றால் அது திசுவில் ஊறிய நீர், சாதாரண வீக்கம். காலையில் குறைந்தும் மாலையில் கூடியும் காணப்படுவது இதுதான்.

மல்லாந்து படுத்து, மேட்டின் ஒரு ஓரத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டு எதிர் ஓரத்தில் லேசாகத் தட்டுங்கள். தண்ணீர்ப் பையைத் தட்டியதுபோல் அலை வந்து முதல் விரலில் மோதினால், அது தேங்கிய நீர். மருத்துவர்கள் சீரோமா என்பார்கள். எழுந்து நின்றால் மேடு கீழே இறங்கும், படுத்தால் அக்குள் பக்கம் ஓடும். சில பேருக்கு நடக்கும்போது சளக் சளக் என்று சத்தமே கேட்கும்.

காம்பைச் சுற்றிய கருவட்டத்துக்கு நேர் கீழே, அசையாத, ஓரம் சரியாகப் பிடிபடாத கெட்டி என்றால் பெரும்பாலும் தழும்புத் திசு. ரப்பர் வட்டுபோல், ஓரம் தெளிவாக, விரலுக்கு வழுக்கி நகர்ந்தால் எஞ்சிய சுரப்பியாக இருக்கலாம். மெத்தென்று, கிள்ளினால் மடிப்பாக வருவது கொழுப்பு.

விரல் சொல்வது ஊகம்தான். முடிவு சொல்ல அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் வேண்டும். நீரையும் கெட்டியையும் அது சில நிமிடத்தில் பிரித்துக் காட்டிவிடும்.

#4 இரண்டாம்சாமம்

சீரோமாவை ஊசியால் உறிஞ்சி எடுத்தாலும் மூன்றாம் நாள் அதே அளவுக்கு நிரம்பிவிடுகிறது என்பார்களே, அது ஏன்? எத்தனை முறை வரை எடுப்பது சாதாரணம்?

#5 மெல்லினம்

நீரை எடுத்தாலும் வெற்றிடம் அப்படியேதான் இருக்கிறது. மேல் படலமும் கீழ்ப் படலமும் ஒட்டினால்தான் குளம் மூடும். அதனால்தான் உறிஞ்சி எடுத்த உடனே அந்த இடத்தின்மேல் ஸ்பான்ஞ் அட்டை வைத்து, மார்பை அழுத்திப் பிடிக்கும் இறுக்கு உடையைப் போட்டு, சில நாட்களுக்குக் கையை அதிகம் ஆட்டாமல் இருக்கச் சொல்வார்கள். எடுத்துவிட்டு அன்றைக்கே பழையபடி கையை வீசிக்கொண்டு திரிந்தால் மறுபடி நிரம்பத்தான் செய்யும்.

பார்க்க வேண்டியது எத்தனை முறை என்பதை அல்ல, அளவை. ஒவ்வொரு முறையும் எத்தனை மில்லி என்று கேட்டு எழுதி வையுங்கள். 40, 25, 12 என்று இறங்கினால் நல்ல போக்கு. 40, 38, 42 என்று நின்றால், நான்காம் ஐந்தாம் முறைக்குப் பிறகு வேறு வழி யோசிக்க வேண்டும்: சிறிய வடிகுழாய் வைப்பது, அல்லது டாக்சிசைக்ளின் போன்ற மருந்தை உள்ளே செலுத்திப் படலங்களை ஒட்டவைப்பது. மாதக்கணக்கில் விட்டுவிட்டால் நீரைச் சுற்றி உடம்பு ஒரு உறை கட்டிவிடும். அப்புறம் ஊசி வேலை செய்யாது, உறையையே எடுக்க வேண்டியிருக்கும். "தானா வத்திடும்" என்று சொல்லிக்கொண்டு ஆறு மாதம் உட்கார்ந்திருப்பதில் உள்ள விலை இது. மிகச் சிறிய தேக்கம் தானாக வற்றுவது உண்மைதான். ஆனால் அது வற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

நீரின் நிறமும் சேதி சொல்லும். வெளிர் மஞ்சள் என்றால் சாதாரணம். அடர் சிவப்பு என்றால் பழைய ரத்தக்கட்டு இளகியது. கலங்கல், நாற்றம் இருந்தால் கிருமி.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: இந்த ஊசி வேலையை வீட்டில் செய்யவே கூடாது. விலா எலும்புகளுக்கு நடுவே அடுத்து இருப்பது நுரையீரல் உறை.

#6 வெள்ளோட்டம்

அறுவையின்போது வைத்த வடிகுழாயைச் சீக்கிரம் கழற்றுவதும் நீர் தேங்க ஒரு காரணம். 24 மணி நேரத்தில் வடியும் நீர் 25 முதல் 30 மில்லிக்குக் கீழே இறங்கிய பிறகு எடுப்பதுதான் பொதுவான வழக்கம். "தொந்தரவா இருக்கு, எடுத்துடுங்க" என்று கெஞ்சி 60 மில்லியில் எடுக்க வைப்பவர்கள் பின்னால் ஊசிக்கு வரிசையில் நிற்பார்கள். எல்லாருக்கும் குழாய் வைப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வைக்கவில்லை என்பதற்காக மருத்துவர் தவறு செய்தார் என்று அர்த்தமில்லை.

#7 தையல்முடிச்சு

இறுக்கு உடை பற்றி யாராவது விரிவாக எழுதுங்களேன். ஆளாளுக்கு ஒரு கணக்கு சொல்கிறார்கள். ஒருவர் மூன்று வாரம், ஒருவர் மூன்று மாதம்.

#8 வெள்ளோட்டம்

ஆளாளுக்கு ஒரு கணக்கு இருப்பதன் காரணம், இவ்வளவு நாள்தான் என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு ஆய்வு ஆதாரம் வலுவாக இல்லை. பரவலாகச் சொல்லப்படுவது: முதல் மூன்று வாரம் குளிக்கும் நேரம் தவிர நாள் முழுக்க, அதன்பின் ஆறாம் வாரம் வரை பாதி நாள். உங்கள் மருத்துவர் வேறு சொன்னால் அதுவே கணக்கு. உள்ளே என்ன செய்தார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

ஆனால் எத்தனை நாள் போட்டீர்கள் என்பதைவிட எப்படிப் போட்டீர்கள் என்பதுதான் முக்கியம். அடிக்கடி நடக்கும் தவறுகள்:

உடை தளர்ந்து போனது தெரியாமல் போடுவது. வீக்கம் இறங்க இறங்க அளவும் குறையும். இரண்டாம் மூன்றாம் வாரத்தில் அடுத்த கொக்கி வரிசைக்கோ ஒரு அளவு சிறியதற்கோ மாற வேண்டும். தளர்ந்த உடை சும்மா ஒரு பனியன்.

எதிர்த் தவறு, மூச்சு முட்ட இறுக்குவது. "இறுக்கினால் சீக்கிரம் வத்தும்" என்று ஒரு நம்பிக்கை. ஓரத்துக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும், ஆழமாக மூச்சு இழுக்க முடிய வேண்டும், கை மரத்துப் போகக் கூடாது. அதிகம் இறுக்கினால் தோலுக்கு ரத்தம் போகாது. அறுவையில் அடித்திசுவிலிருந்து தூக்கிய தோல் ஏற்கெனவே குறைந்த ரத்தத்தில்தான் பிழைத்துக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது, கீழ் ஓரம் சுருண்டு கயிறுபோல் ஆகிவிடுவது. உட்காரும்போது சுருளும். சுருண்ட இடத்தில் அழுத்தம் குவிந்து, அதற்கு மேலே நீர் தேங்கி, ஒரு வரப்பு விழுந்துவிடும். இதை "எடுக்காமல் விட்ட கொழுப்பு" என்று நினைத்து அலைபவர்கள் உண்டு. நீளமான உடை வாங்கி வயிறு வரை இழுத்து விட்டால் தீர்ந்தது.

காம்பின் அடியில் மட்டும் மேடு நின்றால், உடைக்குள் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் தடிமனுள்ள ஸ்பான்ஞ் அட்டையை வைக்கலாம், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு. ஓரத்தைச் சாய்வாகச் சீவுங்கள். நேராக வெட்டினால் அட்டையின் ஓரம் தோலில் படிக்கட்டாகப் பதிந்துவிடும்.

முதல் தடவை கழற்றும்போது உட்கார்ந்து கழற்றுங்கள். அழுத்தம் சட்டென்று விலகினால் தலை சுற்றி விழுபவர்கள் இருக்கிறார்கள். குளியலறையில் வேண்டவே வேண்டாம்.

#9 இரண்டாம்சாமம்

ஆறாம் வாரம் கழற்றி எறிந்ததும் மாலைக்குள் ஊதிவிடுகிறதே?

#10 வெள்ளோட்டம்

எறிந்ததுதான் பிரச்சினை. முதல் நாள் நான்கு மணி நேரம் இல்லாமல் இருங்கள், இரண்டு நாள் கழித்து எட்டு மணி நேரம் என்று படிப்படியாக. மாலை ஊதி, மறுநாள் காலை இறங்கிவிட்டால் கவலை இல்லை. காலையிலும் அப்படியே நின்றால் ஸ்கேன்.

#11 தையல்முடிச்சு

கெட்டியைப் பற்றிக் கொஞ்சம். மூன்றாம் வாரத்திலிருந்து மூன்றாம் மாதம் வரை கருவட்டத்தின் அடியில் கோலிக்குண்டுபோல் ஒரு கெட்டி வந்தால் பெரும்பாலும் அது உள் தழும்பு. தோலில் வெட்டியது அரை வட்டக் கோடுதான், ஆனால் உள்ளே வெட்டியது உள்ளங்கை அகலம். அந்தப் பரப்பு முழுக்கத் தழும்பு ஆகும், சுருங்கும், பிறகு மெல்ல இளகும். வீக்கம் இறங்க இறங்கத்தான் கெட்டி கைக்குத் தெளிவாகும். அதனால் "புதுசா வளருது" என்று தோன்றும். வளரவில்லை, மேலே இருந்த தண்ணீர் வற்றியதால் அடிப்பாறை தெரிகிறது.

இன்னொரு விஷயம் பலருக்குச் சொல்லப்படுவதில்லை: சுரப்பியை முழுக்க வழித்து எடுக்க மாட்டார்கள். கருவட்டத்தின் அடியில் மெல்லிய வட்டு ஒன்றைத் திட்டமிட்டே விட்டுவைப்பார்கள். அதையும் எடுத்தால் காம்பு உள்ளே இழுத்துக் கிண்ணம்போல் குழிந்துவிடும். ஆகவே அடியில் ஏதோ தட்டுப்படுகிறது என்பது மட்டுமே அறுவை தோற்றதற்குச் சான்று ஆகாது.

குளிரில் கருவட்டம் சுருங்கித் தட்டையாவதும், வெந்நீரில் புடைப்பதும் வீக்கமல்ல. அங்கே மெல்லிய தசை இழைகள் இருக்கின்றன, அவை தம் வேலையைச் செய்கின்றன.

இறங்க மறுக்கும் தழும்புக்கு ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி உண்டு. சிறிய அளவில், சில வார இடைவெளியில், மருத்துவர் கையால். அவசரப்பட்டு அதிகம் போட்டால் கெட்டியோடு சுற்றியுள்ள கொழுப்பும் கரைந்து பள்ளம் விழும், தோல் மெலிந்து நிறம் வெளுக்கும். மேட்டைவிடப் பள்ளத்தைச் சரிசெய்வதுதான் கஷ்டம்.

#12 அளவுநாடா

மசாஜ் பத்தி யாரும் சொல்லலையே. இரண்டாம் வாரத்துலயே ஆரம்பிச்சா நல்லா இறங்கும்.

#13 தையல்முடிச்சு

எந்த மசாஜ் என்று சொல்லாமல் இப்படி எழுதாதீர்கள் அளவுநாடா. இரண்டும் வேறு.

நிணநீர் மசாஜ் என்பது தோலை மட்டும் இழுத்து விடுவது. மூடிய கண்ணிமையைத் தொடும் அளவு அழுத்தம், மார்பிலிருந்து அக்குள் நோக்கி, மெதுவாக. மருத்துவர் சம்மதித்தால் முதல் இரண்டு வாரத்துக்குள்கூட ஆரம்பிக்கலாம். தெரிந்தவர் கையால் என்றால் நல்லது. தழும்பு மசாஜ் என்பது விரலை ஊன்றி வட்டமாகத் தேய்ப்பது. பொருக்கு முழுவதும் உதிர்ந்து காயம் மூடிய பிறகு, அதாவது பெரும்பாலும் நான்காம் வாரத்துக்கு மேல்தான். ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று முறை, சிலிக்கான் ஜெல்லோ ஈரப்பசைக் களிம்போ தடவிக்கொண்டு. இரண்டாம் வாரத்தில் ஊன்றித் தேய்த்தால் ஒட்டத் தொடங்கிய படலம் பிரிந்து மறுபடி நீர் ஊறும்.

சீரோமாவோ ரத்தக்கட்டோ இருக்கிறது என்று சந்தேகம் இருந்தால் இரண்டுமே வேண்டாம்.

#14 அளவுநாடா

சரிதான், முதல் வகையைத்தான் சொன்னேன். பிரிச்சு எழுதியிருக்கணும்.

#15 மெல்லினம்

காத்திருக்கக் கூடாதவற்றையும் இங்கேயே போட்டுவிடுகிறேன்.

முதல் ஒன்றிரண்டு நாளில் ஒரு பக்கம் மட்டும் வேகமாக ஊதி, கல்போல் இறுகி, வலி மாத்திரைக்கும் அடங்காமல், தோல் நீலமாகப் பரவினால் அது உள்ளே ரத்தக்கசிவு. சில மணி நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டியது, மறுநாள் காலை வரை காத்திருக்கக் கூடாது. பெரிய ரத்தக்கட்டை மறுபடி திறந்துதான் எடுப்பார்கள். சிறியது ஒன்றிரண்டு வாரத்தில் இளகிய பிறகு ஊசியால் வரும்.

38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், நாளுக்கு நாள் விரியும் சிவப்பு, சூடு, சீழ்: கிருமித் தொற்று. சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள், கோட்டைத் தாண்டினால் பேச்சே இல்லை. காம்பு கறுத்து, தொட்டால் குளிர்ந்து போனால் ரத்த ஓட்டம் போகவில்லை. புகைபிடிப்பவர்களுக்கு இதன் ஆபத்து அதிகம், நிக்கோட்டின் ரத்தக்குழாயைச் சுருக்கும்.

ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ மார்பை மறந்துவிட்டு அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். அது ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்ததாக இருக்கலாம்.

மாறாக, பயமுறுத்தும், ஆனால் பெரும்பாலும் ஆபத்தில்லாத ஒன்றும் உண்டு. சில வாரம் கழித்து மார்பிலிருந்து வயிறு வரையோ அக்குள் வரையோ தோலுக்கடியில் கயிறு கட்டியதுபோல் இழுக்கும், கையைத் தூக்கினால் தெரியும். மேலோட்டமான சிரை ஒன்று உறைந்து அழற்சி கண்டது, மோண்டோர் நோய் என்று பெயர். மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொண்டால் போதும், பெரும்பாலும் சில வாரங்களில் தானாக மறையும்.

#16 குறிப்பேடு

உடற்பயிற்சி, உப்பு, தூக்கம் பற்றி ஒரு வரி?

#17 அளவுநாடா

நடை, முதல் நாள்லயிருந்தே. கனம் தூக்குறது, தோளுக்கு மேல கையை உயர்த்துறது ரெண்டு மூணு வாரத்துக்கு வேண்டாம். மார்புத் தசைக்கான தண்டால், பெஞ்ச் பிரஸ் எல்லாம் ஆறு வாரத்துக்கு அப்புறம், அதுவும் பழைய எடையில பாதிக்கும் கீழ. பயிற்சி முடிச்ச அன்னைக்குக் கொஞ்சம் ஊதி மறுநாள் இறங்கினா தொடரலாம். ரெண்டு நாளா இறங்கலைன்னா எடையைக் குறைங்க.

தூக்கம் மல்லாந்து, தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்த்தி, ஒன்றிரண்டு வாரம். ஒருக்களிச்சுப் படுக்கிற பக்கத்துல நீர் தேங்கும், "வலது மட்டும் பெரிசு" என்பது பலருக்கு இதுதான். வேலை செய்யும் கைப்பக்கம் அதிகம் வீங்குறதும் சகஜம். உப்பைக் குறைங்க, தண்ணியைக் குறைக்காதீங்க. மது, நீராவிக் குளியல் ரெண்டும் ரத்தக்குழாயை விரிக்கும், தள்ளிப்போடுங்க. ஆஸ்பிரின், இபுபுரோஃபன் மாதிரி மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காம எடுக்காதீங்க, ரத்தம் உறையுறதைத் தடுக்கும்.

வாரம் ஒரு முறை அளங்க. அதே கிழமை, அதே காலை நேரம், மூச்சை விட்ட நிலையில, காம்பு மட்டத்துல நாடா. படம் அதே சுவர், அதே வெளிச்சம், நேர், பக்கவாட்டு, அரைச்சாய்வு. தினமும் கண்ணாடி பார்த்தா மாற்றம் தெரியாது, மனசுதான் கெடும்.

#18 தையல்முடிச்சு

எல்லாம் இறங்கி, ஆறு மாதம் கழித்து மறுபடி பெருக்கிறது என்றால் கேள்வியே வேறு. அது வீக்கமல்ல. எடை கூடியிருக்கிறதா பாருங்கள். அனபாலிக் ஸ்டீராய்டு, ஸ்பைரோனோலாக்டோன், ஃபினாஸ்டரைடு, ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகள் இருக்கின்றனவா பாருங்கள். விட்டுவைத்த சிறு வட்டைத் தூண்ட இவை போதும். மருந்தை நீங்களாக நிறுத்தாமல், எழுதிக்கொடுத்தவரிடம் பேசுங்கள். எடுத்த திசுவின் நோயியல் அறிக்கையையும் கேட்டு வாங்கி வையுங்கள். ஆணுக்கு மார்பகப் புற்றுநோய் அரிது, மொத்த மார்பகப் புற்றுநோயில் ஏறத்தாழ 1 சதவீதம்தான். ஆனாலும் ஒரு பக்கம் மட்டும் புதிதாகக் கல்போல் கட்டி, காம்பிலிருந்து ரத்தம் என்றால் "தழும்புதான்" என்று நீங்களே முடிவு கட்டக் கூடாது.

#19 இரண்டாம்சாமம்

ஸ்கேன் எழுதிக்கொடுத்திருக்கிறார்கள் என்றால் அங்கே என்ன கேட்க வேண்டும்?

#20 மெல்லினம்

"வீக்கம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அறுவைத் தேதி, எந்தப் பக்கம், நீர் எடுத்திருந்தால் எந்தத் தேதியில் எத்தனை மில்லி, இவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நீர் இருந்தால் நீள, அகல, ஆழ அளவும், அதைச் சுற்றி உறை கட்டியிருக்கிறதா என்பதும் அறிக்கையில் வரும்படி கேளுங்கள். அடுத்த ஸ்கேனோடு ஒப்பிட அந்த எண்கள்தான் உதவும். கருவியை அழுத்தி வைத்தால் மெல்லிய நீர்ப்படலம் நசுங்கி மறைந்துவிடும். படுத்த நிலையில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் நின்றால் மேடு தெரிகிறது என்றால், உட்கார வைத்தும் ஒருமுறை லேசாக வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். போவதற்கு முன் சில மணி நேரம் இறுக்கு உடையைக் கழற்றி வைக்கலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு போங்கள்.